ஸ்டான்ஃபோர்டு சிறைச் சோதனை: காவலர்களுக்கு யாருமே எதுவும் சொல்லவில்லையா?

1971-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில், மாணவர்களைக் கைதிகளாகவும் காவலர்களாகவும் நடிக்க வைத்து ஒரு போலிச் சிறையில் நடந்த உளவியல் சோதனையில், காவலர் வேடம் ஏற்ற மாணவர்கள் யாரும் சொல்லாமலே, சீருடை போட்டதும் தாமாகவே கொடூரமாக மாறினார்கள் என்று பலரும் பகிர்கிறார்கள். பலகாலமாகச் சொல்லப்பட்டு வருவதுதான். ஆனால் அந்தச் சோதனையின் ஒலிப்பதிவுகள் வேறு கதை சொல்கின்றன.

சோதனைக்கு முந்தைய நாள் காவலர்களுக்கு ஒரு அறிமுகக் கூட்டம் நடந்தது. அடிக்கக் கூடாது என்று எச்சரித்த, சோதனையை நடத்திய பேராசிரியர் ஃபிலிப் சிம்பார்டோ, கைதிகளிடம் சலிப்பையும் ஓரளவு பயத்தையும் உண்டாக்கலாம், அவர்களுக்கு அந்தரங்கம் என்பதே இல்லாமல் செய்யலாம் என்றும் விளக்கினார். இன்னொரு பதிவு இதைவிடத் தெளிவானது. வார்டனாக இருந்த மாணவர், ஒதுங்கி நின்ற ஒரு காவலரைக் கூப்பிட்டு, நீ இன்னும் கறாராக இருக்க வேண்டும் என்று வற்புறுத்துகிறார். பாருங்கள், தானாக யாரும் மாறுவதாக இருந்தால் இந்தப் பேச்சுக்கு அவசியமே இல்லையே! தான் தந்தது கொடுமை செய்வதற்கான கட்டளை அல்ல என்பது பிற்காலத்தில் சிம்பார்டோ சொன்ன பதில். சரி, அது விவாதிக்க வேண்டியதுதான். ஆனால் 'யாருமே எதுவும் சொல்லவில்லை' என்பது மட்டும் நிற்காது.

சரிபார்க்க விரும்புபவர்கள் ஸ்டான்ஃபோர்டு நூலகத்தின் டிஜிட்டல் ஆவணத் தொகுப்பில் சோதனையின் பெயரைத் தேடினால் போதும். பிரெஞ்சு ஆய்வாளர் தீபோ லெ டெக்ஸியே இந்த ஆவணங்களை அலசி எழுதிய கட்டுரை, 2019-இல் அமெரிக்கன் சைக்காலஜிஸ்ட் என்ற உளவியல் இதழில் வந்திருக்கிறது. முதலில் அந்த வார்டன் பேசும் பதிவைக் கேளுங்கள்.