நின்றால் பழுது இல்லை
"சாவி போட்டதும் டக்டக்கென்று அடித்து நின்றுவிட்டால் பெட்ரோல் பம்பு போய்விட்டது, மாற்றிவிடுங்கள்" என்று பழைய மோரிஸ் மைனர் கார் பற்றிப் பொள்ளாச்சி அண்ணன் ஒருவர் சொல்லியிருப்பது தவறு. அந்தக் காரின் எஸ்.யு. நிறுவன மின்சாரப் பெட்ரோல் பம்பு அப்படித்தான் நிற்க வேண்டும். கார்புரேட்டரில் (பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கருவி) உள்ள கிண்ணம் நிரம்பி, அதிலுள்ள மிதவை பெட்ரோல் வரும் வழியிலுள்ள ஊசி வால்வை மூடியதும் குழாயில் அழுத்தம் ஏறும். பம்பு தானாக ஓய்ந்துவிடும். எஞ்சின் ஓடும்போது விட்டுவிட்டு அடிக்கும்.

நிற்காமல் படபடவென அடித்தால்தான் கவலை: டேங்க் காலி, உறிஞ்சும் குழாயில் காற்று, அல்லது ஊசி வால்வு மூடாமல் பெட்ரோல் வழிகிறது. வழிந்தால் உடனே சாவியை அணையுங்கள், தீப்பிடிக்கும். சத்தமே இல்லையென்றால் முதலில் மின்சாரம், எர்த், பம்பின் பாயிண்ட் (மின்தொடர்பு முனை) ஆகியவற்றைப் பாருங்கள். கோவையில் சுலபமாகக் கிடைக்கிறதே என்று இன்ஜெக்‌ஷன் கார் பம்பை மட்டும் மாட்டாதீர்கள். பெட்ரோலைப் பீய்ச்சியடிக்கும் கார்களுக்கான அந்தப் பம்பின் அதிக அழுத்தத்தை ஊசி வால்வு தாங்காது.