ரத்தம் படவில்லை என்றால் வயிற்றுக் குழந்தைக்கு ஒன்றும் ஆகாதா?

‘கர்ப்பிணி கீழே விழுந்தாலும் ரத்தம் படாவிட்டால் பயமில்லை. பனிக்குடத் தண்ணீர் பிள்ளையைக் காப்பாற்றிவிடும், வீட்டில் படுத்திருந்தால் போதும்.’ மும்பை தாராவியில் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் இந்தச் செய்தி தவறு.

பாதி உண்மை கலந்திருப்பதால்தான் நம்பத் தோன்றுகிறது. பனிக்குட நீர் அதிர்ச்சியைத் தாங்கும். முதல் 3 மாதம் கருப்பையும் இடுப்பெலும்புக்குள் பத்திரமாக இருக்கும். அப்புறம்தான் சிக்கல். கருப்பை ரப்பர் போல வளைந்து கொடுக்கும், குழந்தைக்கு ஆக்சிஜன் கொண்டுசேர்க்கும் நஞ்சுக்கொடி அப்படி வளையாது. அடிபடும் வேகத்தில் அது கருப்பைச் சுவரிலிருந்து பிய்ந்துவிடலாம். அந்த ரத்தம் உள்ளேயே தேங்கி, வெளியே ஒரு சொட்டுகூட வராமலும் போகலாம். குழந்தைக்கு ஆக்சிஜன் குறைவதோ அதற்குள் தொடங்கியிருக்கும்.

விழுந்தவர்களில் பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆவதில்லை, சரி. ஆனால் 5 மாதம் தாண்டியவர் லோக்கல் ரயில் நெரிசலில் விழுந்தாலோ, வயிற்றில் இடிபட்டாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்; தாராவிக்காரர்களுக்கு சயான் மருத்துவமனை பக்கத்தில்தானே. குழந்தையின் இதயத்துடிப்பைக் குறைந்தது 4 மணி நேரமாவது கவனிப்பது வழக்கம். ‘ஸ்கேன் நன்றாக இருக்கிறது’ என்று அவசரமாகக் கிளம்பாதீர்கள், நஞ்சுக்கொடி பிரிந்தது ஸ்கேனில் பல நேரம் தெரியாது. தாய்க்கு நெகட்டிவ் ரத்த வகை என்றால் அதையும் சொல்லிவிடுங்கள். தாயின் உடல் குழந்தையின் ரத்தத்தை எதிர்க்காமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசி தேவைப்பட்டால் 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும்.