பழைய பாட்டு எப்போது வரும்?

லண்டனில் 2002ஆம் ஆண்டு தொடக்கத்தில் மேடையேறிய ‘டபூ’ இசை நாடகத்தைப் பார்க்கச் சென்ற எனக்கு, மேடையை விடப் பின்வரிசைதான் அதிகமாகக் கேட்டது. பிரிட்டிஷ் பாப் பாடகர் பாய் ஜார்ஜ் இதற்கென்றே பெரும்பாலும் புதிய பாடல்களை எழுதியிருக்கிறார். அவருடைய கல்ச்சர் கிளப் இசைக்குழுவின் பழைய வெற்றிப் பாடல்கள் மிகச் சிலவே வருகின்றன. பின்வரிசையில் இருந்தவர்களோ ஒவ்வொரு புதுப்பாடல் தொடங்கும்போதும் ‘அந்தப் பழைய பாட்டு எப்போது வரும்?’ என்று கேட்டுக்கொண்டும், ஒப்பனை முகத்தோடு யார் வந்தாலும் எண்பதுகளின் லண்டன் இரவு விடுதிப் பிரபலங்களான ஸ்டீவ் ஸ்ட்ரேஞ்சா, பிலிப் சாலனா என்று உரக்க ஊகித்துக்கொண்டும் இருந்தார்கள்.

1985இல், நாடகத்துக்குப் பெயர் தந்த டபூ இரவு விடுதியைத் தொடங்கி, தன் உடலையும் உடையையுமே கலையாக்கி, ஓவியர் லூசியன் ஃபிராய்டுக்கு மாதிரியாகவும் அமர்ந்த லீ பௌரியும் இதில் ஒரு பாத்திரம். எய்ட்ஸ் தொடர்பான நோயால் இறந்தபோது அவருக்கு வயது 33தான். அவருடைய மரணப் படுக்கைப் பாடலின்போதுகூட மிட்டாய்த் தாளைப் பிரிக்கும் ஓசையும் பேச்சும் ஓயவில்லை என்பதை என்னால் பொறுக்கவே முடியவில்லை. அமைதியாக இருக்குமாறு இடைவேளையிலேயே பணிவாகக் கேட்டிருந்தேன். ‘பாட்டு நாடகம்தானே’ என்றார்கள். பாட்டு நாடகம் என்பதால்தான் கேட்டேன். வரிகள் காதில் விழாவிட்டால் கதையே விளங்காது.