அந்த 18 விநாடி வீடியோ

கேட்டவர்கள் எல்லாருக்கும் ஒரே பதில்: ஆமாம், அது என் அம்மாதான். சிரிப்பு முகங்களோடு நம் சபை வாட்ஸாப் குழுவில் சுற்றுகிற அந்த 18 விநாடியில், ஆராதனை நடுவில் தனியாக எழுந்து நின்று, சபை முழுக்கச் சேர்ந்து சொல்கிற பாவ அறிக்கையைச் சொல்பவர் என்னைப் பெற்றவர். வயது 83. மறதி நோய் எதுவும் இல்லை. அக்கறையாக விசாரித்தவர்களுக்கு நன்றி.

எழுத வேண்டாம் என்றுதான் மூன்று நாள் இருந்தேன். நேற்று ஒரு தம்பி தனியாகச் செய்தி அனுப்பினார். "அண்ணே, லூத்தரே ஆராதனையை மாத்தினவர்தானே? நாம மாறக் கூடாதா?" சரி, ஐந்நூறு வருஷத்துக்கு முன் ஜெர்மனியில் திருச்சபையைச் சீர்திருத்திய அந்த மார்ட்டின் லூத்தரிடமே போவோம்.

மாற்றினார். 1523-இல் லத்தீன் வழிபாட்டைத் திருத்தினார். 1526-இல் முழுக்க ஜெர்மன் மொழியிலேயே ஓர் ஆராதனை முறையைக் கொண்டுவந்தார். எதற்கு? அதுவரை குருவும் பாடகர் குழுவும் லத்தீனில் பாடுவார்கள். செருப்புத் தைக்கிறவரும் ரொட்டி சுடுகிறவரும் பெரும்பாலும் நின்று பார்ப்பார்கள். அந்த ஜனங்கள் தங்கள் வாயால் பாட வேண்டும், தங்கள் வாயால் பதில் சொல்ல வேண்டும் என்பதற்காகத்தான் மாற்றினார். சங்கீதம் 46-ஐ வைத்துப் பாட்டு எழுதியதும் அவர்கள் பாடத்தான்.

போன ஞாயிறு நம் சபையில் என்ன நடந்தது? மேடையில் ஆறு பேர், ஆறு மைக், கண்ணாடித் தடுப்புக்குள் டிரம்ஸ். 25 நிமிடம் அவர்கள் பாடினார்கள், நாங்கள் பார்த்தோம். மெட்டு தெரியாது. சுருதி எங்கள் தொண்டைக்கு எட்டாது. வரிகள் திரையில் ரோமன் எழுத்தில் ஓடின. லத்தீன் போய் லத்தீன் எழுத்து வந்திருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். எந்த இடத்திலிருந்து லூத்தர் ஜனங்களை எழுப்பினாரோ அதே இடத்தில் எங்களை உட்காரவைத்துவிட்டு, அவரையே சாட்சிக்கும் கூப்பிடுகிறீர்கள்.

பாவ அறிக்கை இல்லை. 'கர்த்தாவே இரங்கும்' இல்லை. விசுவாசப்பிரமாணமும் இல்லை. நேரம் போதவில்லையாம். அறிவிப்புகளுக்கு 15 நிமிடம் இருந்தது. குடும்ப தின விருந்துக்கு யார் ஐஸ்பெட்டி கொண்டுவருவது என்பதை இரண்டு தடவை சொன்னார்கள்.

எனக்கு டிரம்ஸ் மேல் கோபம் இல்லை. இதை எத்தனை தடவை எழுதினாலும் யாரும் படிக்கப் போவதில்லை, "பழமைவாதி" என்றுதான் கருத்துப் போடுவீர்கள். இருந்தாலும் சொல்கிறேன்: பாட வேண்டியது சபை. டிரம்ஸ் வையுங்கள், தபேலா வையுங்கள், சபை பாடட்டும்.

அம்மாவுக்குக் கிளாக்கோமா. திரை அவருக்கு ஒரு வெள்ளைப் பட்டை, அவ்வளவே. புத்தகமும் தேவையில்லை, ஆராதனை முறைமை மொத்தமும் மனப்பாடம். சபை முழுக்கத் தெரிந்த ஒரு வார்த்தையைத் தானும் சேர்ந்து சொல்வது, அதுதான் அவருக்கு மிச்சம் இருந்தது. இரண்டு பாட்டுக்கு நடுவில் ஒரு நிமிடம் அமைதி வந்தது. பாவ அறிக்கைக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தார், ஆரம்பித்தார். வழக்கமாக முதல் வார்த்தை முடிவதற்குள் நூறு குரல் சேர்ந்துவிடும். அன்று சேரவில்லை. மைக்கில் ஒருவர், "ஆன்ட்டி, உட்காருங்க, அது அப்புறம்" என்றார். பின்னால் சிரிப்பு. நீங்கள் பார்த்தது அதைத்தான்.

"நீ மட்டும் அந்தக் காலத்தில் கிட்டார் எடுத்துக்கொண்டு வரவில்லையா?" என்று என் வயதுக்காரர்கள் கேட்பீர்கள். வந்தேன். 1987, எனக்கு வயது 19. கோலாலம்பூர் பெட்டாலிங் ஸ்ட்ரீட்டில் வாங்கிய கிட்டார். முதல் பாட்டின் நடுவிலேயே ஒரு தாத்தா எழுந்து வெளியே போய்விட்டார். செந்தூல் ரயில்வே பட்டறையில் பிட்டராக இருந்து ஓய்வுபெற்றவர், ரயில்வே கோட்டர்ஸ் முழுக்க அவருக்குப் பயப்படும். எங்களுக்கு ஒரே குஷி, பழசு ஒன்று கழன்றுவிட்டது என்று. அன்றைக்கு இருந்த போதகர் ஐயர் எங்களை அறைக்குள் கூப்பிட்டார். திட்டவில்லை. "அவர் வீட்டுக்குப் போய் அவர் பாட்டை முதலில் கற்றுக்கொண்டு வாருங்கள், பிறகு கிட்டாரைத் தொடலாம்" என்றார்.

மூன்று வாரம் போனோம். தாத்தா மைலோ கலக்கிக் கொடுப்பார், கிரீம் கிராக்கர் வைப்பார். ஞானப்பாட்டை ஜெர்மன் மெட்டில், ஒரு சரணம் விடாமல், கரண்டியால் மேசையில் தாளம் தட்டிப் பாடவைப்பார். நாலாவது வாரம் அதே பாட்டைக் கிட்டாரோடு சபையில் பாடினோம். முன்வரிசையில் உட்கார்ந்து பாடினார். கடைசிவரை கிட்டார் அவருக்குப் பிடிக்கவேயில்லை, முகம் அப்படித்தான் இருந்தது. ஆனால் அப்புறம் ஒரு ஞாயிறுகூட வெளியே போனதில்லை.

இந்தத் தம்பிகளை அப்படி யாராவது கூப்பிட்டுச் சொன்னார்களா? கமிட்டியில் எட்டுப் பேர் இருக்கிறீர்கள். யாராவது?

லூத்தர் லூத்தர் என்கிறவர்கள் 1522-ஐயும் கொஞ்சம் படியுங்கள். அவர் வார்ட்பர்க் கோட்டையில் ஒளிந்திருந்தபோது, 1521 கிறிஸ்துமஸ் அன்று அவர் ஊரான விட்டன்பர்க்கில் அவருடைய சகா கார்ல்ஸ்டாட் குருவின் அங்கி போடாமல் ஜெர்மன் மொழியில் திருவிருந்து நடத்தினார். அப்பத்தையும் திராட்சை ரசத்தையும் ஜனங்கள் கையிலேயே கொடுத்தார். ஊர் இரண்டுபட்டது. மார்ச்சில் லூத்தர் திரும்பி வந்து எட்டு நாள் தொடர்ந்து பிரசங்கம் செய்தார். மாற்றமே தவறு என்று அவர் சொல்லவில்லை, அதில் பலதைப் பிற்பாடு அவரே செய்தார். அன்பில்லாமல், ஒழுங்கில்லாமல், பலவீனமானவர்களுக்காகக் காத்திருக்காமல் செய்தீர்கள் என்றுதான் கடிந்துகொண்டார். நம் ஆள்கள் லூத்தரில் பாதியைத்தான் படித்திருக்கிறார்கள், வசதியான பாதியை.

லூத்தரன் சபைகளின் அடிப்படை ஆவணமான ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையின் 7-ஆம் பிரிவைப் படம் பிடித்துப் போட்ட அண்ணனுக்கு: மனிதர் ஏற்படுத்திய சடங்குகள் எங்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டியதில்லை, தெரியும். நானும் திடப்படுத்தல் வகுப்புக்குப் போனவன்தான். கிழவியைப் பார்த்துச் சிரிக்கலாம் என்று அதில் எங்கே இருக்கிறது, காட்டுங்கள்.

"பிள்ளைகளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது" என்பது நியாயமான பேச்சு. என் மகளே ரோமன் எழுத்தில்தான் படிக்கிறாள். எஸ்.பி.எம். பரீட்சையில் தமிழ் எடுக்கவில்லை, நானும் வற்புறுத்தவில்லை, என் தப்புதான். ஆனால் 1706-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க், சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் படித்தார். 1715-இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்துவிட்டார். நாம் பிரிக்பீல்ட்ஸில் வாழையிலையில் ரசம் சோறு சாப்பிட்டுக்கொண்டே தமிழ் கஷ்டம் என்கிறோம். சரி, ரோமன் எழுத்திலாவது பாவ அறிக்கையைப் போட்டிருக்கலாமே. அதைப் போட எந்த மொழி தடுத்தது?

பழசெல்லாம் பொன் என்று நான் சொல்லவில்லை. தரங்கம்பாடியிலும் தஞ்சாவூரிலும் ஆலயத்துக்குள்ளேயே சாதி பார்த்துத் தனித்தனியாக உட்கார்ந்தார்கள். அதுவும் பாரம்பரியம்தான், ஒழிந்ததே நல்லது. நாம் இன்று பழசு என்று ஒதுக்குகிற கீர்த்தனையும் ஒரு காலத்தில் புதுசுதான். ஜெர்மன் மெட்டுகளே பாடிக்கொண்டிருந்த சபைக்கு தஞ்சாவூர்க் கவிஞர் வேதநாயகம் சாஸ்திரியார் ராகத்தோடு கொண்டுவந்து கொடுத்தார். அதை வீட்டிலும் பாட முடிந்தது, சமைத்துக்கொண்டே பாட முடிந்தது. அம்மா இன்றும் வெங்காயம் உரித்துக்கொண்டே பாடுகிறார். போன ஞாயிறு பாடியதில் ஒரு வரி, ஒரே ஒரு வரி, திங்கட்கிழமை உங்களில் எத்தனை பேருக்கு ஞாபகம் இருந்தது?

நல்லது, நான் அதிகமாகப் பேசுகிறேன். இளைஞர்கள் போய்விடுவார்கள் என்று பயப்படுகிறீர்கள். கிழவர்கள் போனால் யாருக்கும் பயமில்லை, எப்படியும் போகப் போகிறவர்கள்தானே.

எல்லாரையும் கேட்கிறேனே, அன்று அம்மா பக்கத்தில் நின்றது நான். எனக்கும் அந்த அறிக்கை மனப்பாடம். முதல் வார்த்தையிலேயே நான் சேர்ந்திருந்தால் அந்த வீடியோவில் இரண்டு குரல் இருந்திருக்கும். நான் அவர் சேலையைப் பிடித்து, "அம்மா, உட்காரு" என்றேன். நல்லவேளையாக அது பதிவாகவில்லை.

வீடியோவை வைத்திருப்பவர்கள் அழித்துவிடுங்கள். அம்மாவுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. இன்று சனிக்கிழமை, வழக்கம்போல் ராத்திரியே நாளைக்குக் கட்ட வெள்ளைச் சேலையை எடுத்து வைக்கச் சொன்னார். இஸ்திரி போடவில்லை என்று பொய் சொல்லிவிட்டு வந்து இதை எழுதுகிறேன். உள்ளே கட்டிலில் உட்கார்ந்து, "அப்போ அந்த நீலச் சேலையை எடு" என்கிறார்.