இங்கே க்ளிக் செய்யுங்கள்

கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பிரவுசிங் சென்டர். கண்ணாடியில் 'பட்டா எடுப்பது எப்படி? எங்கள் வீடியோவைப் பாருங்கள்' என்று ஒட்டியிருக்கிறது. பார்த்துவிட்டு ஓர் அக்கா, வீடியோ எடுத்த கடைக்காரத் தம்பியிடமே வந்திருக்கிறார். (ஆளைக் கேட்டால் வீடியோவைக் கைகாட்டுவது இப்போது எல்லாக் கவுண்டருக்கும் தொற்றிவிட்டது.)

அக்கா: பார்த்தேன் தம்பி. முழுசாகப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.

தம்பி: கறுப்பாக வந்ததா அக்கா? அது திரையை ரெக்கார்டு பண்ணுகிற ஓபிஎஸ் சாஃப்ட்வேரில் வருகிற பிரச்சினைதான். லேப்டாப்பில் இரண்டு கிராபிக்ஸ் கார்டு இருந்தால், திரை ஒன்றில் ஓடும், ஓபிஎஸ் இன்னொன்றில் ஓடும். முழுத் திரையையும் பிடிக்கிற டிஸ்ப்ளே கேப்சர் கொடுத்தால் வெறும் கறுப்புதான். விண்டோஸ் செட்டிங்ஸில் போய் ஓபிஎஸ்-ஐ பவர் சேவிங் பக்கம் மாற்றினால் சரியாகிவிடும்.

அக்கா: கறுப்பெல்லாம் இல்லை. கலர் கலராகத்தான் வந்தது. ஒரு உருண்டை சுற்றியது.

தம்பி: அது இன்ட்ரோ! பூமி சுற்றும், நெருப்புப் பற்றும், உள்ளேயிருந்து நம்ம கடைப் பெயர் வரும்.

அக்கா: உலகத்துப் பூமியை எல்லாம் சுற்றிக் காட்டினாய். எங்க பூமியை எப்படிப் பார்ப்பது என்று மட்டும் காட்டவில்லை.

தம்பி: சுற்றுவது கண்ணுக்குப் பிடிக்கவில்லையோ? 60 எஃப்பிஎஸ்-ல், அதாவது விநாடிக்கு 60 படமாக எடுத்தேன். பாடம் எடுக்கிற வீடியோவுக்கு 30 போதும். குறைத்துவிடட்டுமா?

அக்கா: நிறுத்திவிடு. உன் வீடியோவில் நின்றாலும் அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டுதான் இருக்கும்.

தம்பி: சரி, அதற்கப்புறம்? மாவட்டம், வட்டம், கிராமம், பட்டா எண் எல்லாம் வரிசையாகக் காட்டியிருக்கிறேனே.

அக்கா: நீ சொன்னதைச் சொல்லட்டுமா? "இங்கே க்ளிக் செய்யுங்கள். வந்துவிட்டதா? இப்போது இங்கே. அப்புறம் இங்கே." எங்கே தம்பி?

தம்பி: அங்கேதான் அக்கா. அம்புக்குறி போகுமே.

அக்கா: போகிறது. நின்றால்தானே பார்க்க? நான் கண்ணாடியை எடுத்து மாட்டுவதற்குள் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டாய்.

தம்பி: அதற்கு பவர்டாய்ஸ் என்று ஒரு சாஃப்ட்வேர் இருக்கிறது அக்கா, மைக்ரோசாஃப்டே இலவசமாகத் தருகிறது. க்ளிக் செய்யும்போதெல்லாம் மஞ்சள் வட்டம் வரும்.

அக்கா: மஞ்சள் வட்டத்தோடு ஓடினால் மட்டும் பிடித்துவிட முடியுமா? 'பட்டா எண்' என்று எழுதியிருக்கிற கட்டத்தைத் தொடுங்கள் என்று வாயால் சொல்ல எந்த சாஃப்ட்வேர் வேண்டும்?

தம்பி: (குறித்துக்கொள்கிறார்) எழுத்தாவது தெரிந்ததா?

அக்கா: போனில் பார்த்தேன். எறும்பு வரிசை மாதிரி இருந்தது.

தம்பி: 1920-க்கு 1080-ல் எடுத்ததுதானே... சரி, 4கே ஆக்கிவிடுகிறேன்.

அக்கா: ஆக்கினால்?

தம்பி: இன்னும் தெளிவாக இருக்கும்.

அக்கா: எறும்பு தெளிவாகத் தெரியும். எழுத்துப் பெரிதாகுமா?

தம்பி: ஆகாது. அதற்கு... கன்ட்ரோலையும் பிளஸையும் அமுக்கி பிரவுசரையே பெரிதாக்கிவிட்டு ரெக்கார்டு பண்ண வேண்டும்.

அக்கா: அந்த இரண்டு பட்டனும் உன் கீபோர்டில் இல்லையா?

(தம்பி குனிந்து பார்க்கிறார். இருக்கின்றன.)

தம்பி: சத்தம் நன்றாக இருந்திருக்குமே? மைக் புதுசு. ஓபிஎஸ்-ல் பேசும்போது பட்டை பச்சையைத் தாண்டி மஞ்சள் வரை போகலாம், சிவப்பைத் தொடக் கூடாது. நான் தொடவே விடவில்லை.

அக்கா: சத்தம் அருமை. "ராயக்கோட்டை, ராயக்கோட்டை, ஏறு ஏறு" என்று ஒருத்தர் கூப்பிட்டது பளிச்சென்று கேட்டது.

தம்பி: அடடா. பஸ் ஸ்டாண்டு பக்கத்திலேயே கடை இருப்பதால் வருவது. எடிட்டிங்கில் அந்த இடத்தை வெட்டி அவரை நீக்கிவிடுகிறேன்.

அக்கா: அவரை ஏன் நீக்குகிறாய்? அந்த வீடியோவிலேயே எங்கே போக வேண்டும் என்று ஒழுங்காகச் சொன்னவர் அவர் ஒருத்தர்தான்.

தம்பி: அக்கா...

அக்கா: அப்புறம், தக்காளி வாங்கினாயா?

தம்பி: எந்தத் தக்காளி?

அக்கா: நடுவில் மூலையில் ஒரு கட்டம் வந்தது. "வரும்போது ரெண்டு கிலோ தக்காளி, மறந்தால் வீட்டுக்கு வராதே" என்று. அந்த எழுத்து ஒன்றுதான் பெரிதாக இருந்தது.

தம்பி: ஐயோ! வாட்ஸ்அப் திறந்திருந்தது. டிஸ்ப்ளே கேப்சர் கொடுத்தால் திரையில் வருகிற எல்லாமும் பதிவாகும். விண்டோ கேப்சர் கொடுத்து, பிரவுசரை மட்டும் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும்.

அக்கா: வாட்ஸ்அப்பை மூடினாலும் வராது.

தம்பி: ...மூடினாலும் வராது.

அக்கா: சரி, என் சந்தேகத்தைக் கேட்கிறேன். மாவட்டம் என்று கேட்கிறதே, எதைப் போடுவது? எங்க தாத்தா வாங்கிய பத்திரத்தில் சேலம் ஜில்லா. அப்பா வரி கட்டின ரசீதில் தர்மபுரி. என் ஆதாரில் கிருஷ்ணகிரி. மூன்று மாவட்டம் பார்த்துவிட்டது, நிலம் ஒரு அடி நகரவில்லை.

தம்பி: கிருஷ்ணகிரிதான் போட வேண்டும். 1965இல் சேலத்திலிருந்து தர்மபுரி பிரிந்தது. 2004இல் தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. பத்திரத்தில் என்ன இருந்தாலும் ஊர் இப்போது எந்த மாவட்டத்தில் இருக்கிறதோ, அதுதான்.

அக்கா: இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆனது?

தம்பி: பத்து, பதினைந்து விநாடி.

அக்கா: உருண்டை?

தம்பி: நாற்பது.

அக்கா: இங்கே வருகிறவர்களில் பாதிப் பேர் பழைய பத்திரத்தைத்தான் மடியில் கட்டிக்கொண்டு வருகிறார்கள். அவர்கள் கேட்கிறதை விட்டுவிட்டு நெருப்பு காட்டுகிறாய்.

தம்பி: இனிமேல் கவனமாகச் செய்கிறேன் அக்கா. இப்போதெல்லாம் வீடியோவை எம்கேவி என்கிற ஃபைல் வகையில்தான் சேமிக்கிறேன். நடுவில் கரண்ட் போனாலும் அதுவரை எடுத்தது நிற்கும். சாதாரண எம்பி4 என்றால் ஃபைலே திறக்காது. கடைசியில் எம்பி4-ஆக மாற்றிக்கொள்ளலாம்.

அக்கா: கரண்டு போவதற்கு யோசித்திருக்கிறாய். பார்க்கிறவர்களுக்கு யோசிக்கவில்லை. அதிருக்கட்டும், மாதிரிக்கு ஒருத்தர் பட்டாவைத் திறந்து காட்டினாயே, அவரைக் கேட்டாயா?

தம்பி: கஸ்டமர் பட்டா. கேட்கவில்லை... பெயரை பிளர் பண்ணிவிடலாம்.

அக்கா: மறைக்காததும் ஒருவகையில் நல்லதுதான். மூன்று பெயர், மூன்றும் ஆம்பிளை. அந்த வீட்டில் இரண்டு பெண்கள் உண்டு. ஒருத்தியை எங்க தெருவில்தான் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். பெண்ணுக்கும் பங்கு என்று தமிழ்நாட்டில் 1989இலேயே சட்டம் வந்தாயிற்று. அது பட்டாவில் தெரிய எந்த செட்டிங்கை மாற்ற வேண்டும், சொல்லு.

தம்பி: அது... தாசில்தார் ஆபீஸ் அக்கா.

அக்கா: தெரியும். உனக்கு எல்லாவற்றுக்கும் ஒரு செட்டிங் இருக்கிறதே என்று கேட்டேன்.

(தம்பி ஃபேனைப் பார்க்கிறார். அதில் ஒன்றும் எழுதியில்லை.)

தம்பி: உங்களுக்கு எந்தப் பட்டா வேண்டும்?

அக்கா: எங்கப்பா நிலத்துது. என் பெயரும் இருக்கிறது என்று அண்ணன் சொல்கிறார். காகிதத்தைக் காட்டு என்றால், மாங்காய் சீசன் முடியட்டும் என்கிறார். எந்த வருஷத்துச் சீசன் என்று சொல்லவில்லை.

தம்பி: உட்காருங்க. நானே எடுத்துத் தருகிறேன். இதோ, மாவட்டம் என்கிற கட்டத்தில் கிருஷ்ணகிரி. பக்கத்தில் வட்டம். அதற்குக் கீழே கிராமம், உங்க ஊர் பெயரைத் தேடி எடுங்கள். பட்டா எண் தெரியாவிட்டால் சர்வே எண்ணும் உட்பிரிவு எண்ணும் போதும். உங்க போனுக்கு ஒரு நம்பர் வரும், அதைப் பாருங்கள்.

அக்கா: வந்தது. இதென்ன, இப்போது புரிகிற மாதிரி பேசுகிறாய்?

தம்பி: நீங்க எதிரில் உட்கார்ந்திருக்கிறீர்கள், நிறுத்தி நிறுத்தித்தானே சொல்ல வேண்டும்... வந்துவிட்டது அக்கா! உரிமையாளர்கள் பெயர், ஒன்று...

அக்கா: சத்தமாகப் படிக்காதே. அந்தத் திரையில் சிவப்பாக ஒரு புள்ளி எரிகிறதே, அது என்ன?

தம்பி: அடக்கடவுளே. நீங்க வருவதற்கு முன்னால் மைக் டெஸ்ட் பண்ண ரெக்கார்டிங் போட்டேன். நிறுத்தவே இல்லை. எல்லாம் பதிவாகியிருக்கிறது. ஆனால் அக்கா, சத்தியமாகச் சொல்கிறேன், நான் இவ்வளவு தெளிவாக எந்த வீடியோவிலும் சொன்னதில்லை. இந்தக் கடைசிப் பகுதியை மட்டும் வெட்டிப் போட்டுக்கொள்ளட்டுமா?

அக்கா: போட்டுக்கொள். பெயர், சர்வே எண், என் குரல் மூன்றையும் எடுத்துவிட்டுப் போடு.

தம்பி: குரல் எதற்கு அக்கா?

அக்கா: எங்க அண்ணன் உன் சேனலுக்குப் பெல் அடித்து வைத்திருக்கிறார்.