ஒன்பது டாலர்னு எழுதினா ஒன்பது டாலர் வாங்குங்கய்யா!

சொகுசுக் கப்பல் பயணத்தின் பில் வந்திருக்கிறது. காலையிலிருந்து அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். வயிறு எரிகிறது. டெக்சஸ் மாநிலத்தின் கால்வெஸ்டன் துறைமுகத்தில் கப்பல் ஏறியவர்களுக்கு நான் எதைச் சொல்ல வருகிறேன் என்று இந்நேரம் தெரிந்திருக்கும். ஆமாம், அதேதான். 8.25 சதவீத டெக்சஸ் விற்பனை வரி.

கடைசி நாள் காலை, இறங்குவதற்கு நம்பர் கூப்பிடட்டும் என்று பெட்டிகளோடு காத்திருந்தோமே, அப்போது என் மனைவி வாங்கிய ஒரே ஒரு காபிக்கும் போட்டிருக்கிறார்கள். 5 டாலர் காபி, 90 சென்ட் சேவைக் கட்டணம், 41 சென்ட் டெக்சஸ் வரி. முந்தின நாள் நடுக்கடலில் அதே கடையில் அதே காபிக்கு அந்த 41 சென்ட் கிடையாது. காபி மாறவில்லை, கப் மாறவில்லை, போட்டுக்கொடுத்த பையன்கூட மாறவில்லை. கப்பல் கரையைத் தொட்டுவிட்டது, அவ்வளவுதான்.

41 சென்ட்டுக்கா இந்தக் கத்தல் என்று கேட்பவர்கள், முதல் நாள் நடந்ததைக் கேட்டுவிட்டு அப்புறம் பேசுங்கள்.

ஊரிலிருந்து அப்பா, அம்மா வந்திருந்தார்கள். இரண்டு பேருக்கும் கப்பல் பயணம் இதுதான் முதல் தடவை. மதியம் ஏறியாயிற்று, அறை இன்னும் தயாராகவில்லை, வெயில் மண்டையைப் பிளக்கிறது. மேல்தளத்தில் நீச்சல்குளம் பக்கத்தில் நின்றோம். மகளுக்கு அன்னாசிப்பழம் செருகி வைத்த அந்த பினா கொலாடா பானம் வேண்டும். மது கலக்காமல் தருவார்கள். சரி, எல்லோருக்கும் ஒன்று சொல்லுவோம் என்று மெனு அட்டையைப் பார்த்தேன். 9 டாலர். அப்பாவும் பார்த்தார். அவர் கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ரசீதைப் படிக்காமல் மடித்துப் பையில் வைக்கிற பழக்கமே அவருக்குக் கிடையாது. "அஞ்சு பேருக்கு நாப்பத்தஞ்சு. ரூபாயில பாக்காத, குடிச்சிட்டுப் போவோம்"னு அவரே சொன்னார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வருவது எவ்வளவு அபூர்வம் என்று எனக்குத்தான் தெரியும்.

கப்பலில் காசுக்குப் பதிலாக எடுத்துக்கொள்ளும் அறைச்சாவி அட்டையை நீட்டினேன். ரசீது வந்தது. 45 டாலர். அதன் கீழே 18 சதவீத சேவைக் கட்டணம், 8.10. அதன் கீழே வரி, 3.71. மொத்தம் 56.81. அதற்கும் கீழே ஒரு காலிக் கோடு, கூடுதல் டிப்ஸ் எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லி!

அப்பா கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். "கணக்குல தப்பு இருக்கேப்பா. பதினோரு டாலர் எண்பத்தியொரு சென்ட் அதிகமா எடுத்திருக்கான்."

கொண்டுவந்து வைத்த பையன் கேரளத்துக்காரன், நன்றாகத் தமிழ் பேசினான். பாவம், அவன் என்ன செய்வான்? "சார், கப்பல் இப்ப டெக்சஸ்ல நிக்குது. அதான் டேக்ஸ். கடலுக்குள்ள போயிட்டா வராது சார்."

"கப்பல் எப்ப தம்பி கிளம்பும்?"

"நாலு மணிக்கு சார்."

மணி அப்போது மூன்றேகால்.

"அப்ப நாலு மணிக்கு வாங்கியிருந்தா வரி இல்லையா?"

"இல்ல சார், கிளம்பினாலும் உடனே போகாது. கொஞ்ச தூரம் போகணும்."

"எவ்வளவு தூரம்?"

"அது தெரியாது சார். சிஸ்டமே தானா நிறுத்திடும்."

சிஸ்டமே தானா நிறுத்திடும்! இதைத்தான் நான் இன்னும் விடாமல் மென்றுகொண்டிருக்கிறேன். கப்பல் எங்கே நிற்கிறது, எந்த நிமிடம் எல்லை தாண்டுகிறது என்பதெல்லாம் அந்தக் கணினிக்குத் தெரிகிறது. தெரிந்து, காசை எண்ணி எடுக்கிறது. அதே விஷயத்தை வாங்கும் முன் எனக்குச் சொல்ல மட்டும் யாருக்கும் வாய் வரவில்லை. குளத்தின் தலைமாட்டில் அவ்வளவு பெரிய திரை இருக்கிறது, நாள் முழுக்க பிங்கோ விளையாட்டு விளம்பரம் ஓடுகிறது. "இன்று மாலை வரை டெக்சஸ் வரி உண்டு" என்று அதில் ஒரு வரி போட்டால் கப்பல் மூழ்கிவிடுமா?

விடவில்லை. கெஸ்ட் சர்வீஸ் கவுன்டருக்குப் போனேன். முதல் நாள் அந்த வரிசை எப்படி இருக்கும் என்று போனவர்களுக்குத் தெரியும். அறை திறக்கவில்லை என்று ஒருவர், பெட்டி வரவில்லை என்று ஒருவர், எனக்கு முன்னால் நின்றவர் தன் அறைக்கு ஜன்னல் இல்லை என்பதை அப்போதுதான் கண்டுபிடித்திருந்தார். என் முறை வந்தபோது கப்பலே கிளம்பிவிட்டது. அந்தப் பெண் சிரித்த முகத்தோடு மெனு அட்டையின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, அடியில், எறும்பு மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்க வேண்டிய அளவில் இருந்த ஒரு வாசகத்தைக் காட்டினார். உள்ளூர் வரி சேரக்கூடும் என்று இருந்தது. எத்தனை சதவீதம்? இல்லை. எதுவரை? இல்லை. "எப்போது நின்றுபோகும்?" என்று கேட்டேன். "டெக்சஸ் கடல் எல்லை தாண்டியதும்" என்றார். "அது எங்கே?" என்றேன். சிரித்தார். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

எங்கே என்று நானே சொல்கிறேன். கரையிலிருந்து 9 கடல் மைல். கிட்டத்தட்ட பதினாறரை கிலோமீட்டர். அட்லாண்டிக் பக்கம் ஃப்ளோரிடாவில் மாநில எல்லை 3 கடல் மைலோடு முடிந்துவிடுகிறது. இங்கே மூன்று மடங்கு. டெக்சஸ் தனி நாடாக இருந்த 1836ல் தன் கடலெல்லை மூன்று லீக், அதாவது இந்த 9 கடல் மைல் என்று சட்டம் போட்டுக்கொண்டது. 1960ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை ஒப்புக்கொண்டது. வழக்கு நடந்தது கடலுக்கடியில் இருக்கும் எண்ணெய்க்காக. அதே கோட்டுக்குள் நின்று என் மகள் அன்னாசிச்சாறு குடித்தால் வரி!

மாநிலம் வரி கேட்பது தப்பு என்று நான் சொல்லவில்லை. டெக்சஸில் மாநில வருமான வரி கிடையாது, மாநிலத்தின் வரி வருமானத்தில் பெரும்பகுதி விற்பனை வரியில்தான் வருகிறது. மாநிலத்துக்கு 6.25, உள்ளூருக்கு 2. இருக்கட்டும். ஹியூஸ்டன் கடையில் சட்டை வாங்கும்போது கட்டுகிறேன், இங்கேயும் கட்டுகிறேன். என் கோபம் கப்பல் கம்பெனி மேல்தான். விலை என்று ஒன்றைக் காட்டிவிட்டு வேறொன்றை வாங்குவது என்ன வியாபாரம்? எங்கள் அப்பா ஊரில் ஐந்து ரூபாய் பிஸ்கட் பொட்டலத்தில்கூட அனைத்து வரிகளும் உட்பட என்று அச்சடித்திருக்கும். ஐரோப்பாவில் கடையில் தொங்கும் விலைச்சீட்டில் வரி சேர்ந்தே இருக்கும். இவர்களாலும் முடியும். கலிஃபோர்னியாவில் 2024 ஜூலை 1 முதல் கட்டாயக் கட்டணங்களை விளம்பர விலையிலேயே சேர்த்துக் காட்ட வேண்டும் என்று சட்டம் வந்ததும், பல கப்பல் நிறுவனங்கள் துறைமுகக் கட்டணத்தையும் வரியையும் டிக்கெட் விலைக்குள் கொண்டுவந்துவிட்டன. அமெரிக்கா முழுவதுக்கும்! ஆயிரக்கணக்கான டாலர் டிக்கெட்டுக்கு முடிந்த கூட்டல், ஒன்பது டாலர் பழச்சாறுக்கு முடியாதா?

வரி என்று பேச்செடுத்தாலே இன்னொன்று தொண்டையில் நிற்கிறது. இந்தப் பெரிய நிறுவனங்கள் எல்லாம் எங்கே பதிவாகியிருக்கின்றன? லைபீரியா, பெர்முடா மாதிரி வெளிநாடுகளில். கப்பலின் பின்பக்கம் பறப்பது பஹாமாஸ் கொடி. அலுவலகம் ஃப்ளோரிடாவில், ஏறுகிற ஜனம் அமெரிக்க ஜனம். ஆனால் அமெரிக்க வரிச் சட்டத்தின் 883ஆம் பிரிவு இவர்களுடைய கடல் வருமானத்துக்கு விலக்குத் தருகிறது. 2025 பிப்ரவரியில் அமெரிக்க வர்த்தகச் செயலர் லட்னிக் தொலைக்காட்சியில் இதைக் கிளப்பியதும் கப்பல் நிறுவனங்களின் பங்குகள் சரிந்தன. அப்புறம் அந்தப் பேச்சே அடங்கிப்போனது. கோடிகளில் லாபம் பார்ப்பவர்களுக்கு விலக்கு, ஏழு வயதுப் பிள்ளையின் பழச்சாறுக்கு வரி. இதை எந்த மொழியில் எடுத்துச் சொன்னாலும் எனக்கு நியாயமாகப் படவில்லை.

அந்த 18 சதவீதம்? அது தனி அநியாயம். தினசரி டிப்ஸ் என்று தலைக்கு இவ்வளவு என ஏற்கெனவே பிடித்துக்கொண்டார்கள், அதற்கு மேல் இது. உணவகங்கள் தாமாகவே சேவைக் கட்டணம் சேர்க்கக் கூடாது என்று இந்தியாவில் 2022லேயே விதிமுறை வந்தது, 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதைச் சரி என்று சொல்லிவிட்டது. அப்பா இதை எனக்குச் சாப்பாட்டு மேசையில் சொன்னார். சொல்லிவிட்டு, ஊர் திரும்பும் வரை காசு கேட்கிற எதையும் அவர் தொடவில்லை. மெக்சிகோவின் கோசுமெல் தீவுக்குப் போகும் வழியில், "இப்ப வரி இல்லப்பா, எலுமிச்சை சோடா ஒண்ணு வாங்கட்டுமா?" என்று கெஞ்சினேன். "வேணாம்ப்பா, தண்ணி போதும்" என்றார். என் பணத்தை மிச்சம் பிடிக்கிறாராம். வாழ்நாள் முழுக்க எங்களுக்காக மிச்சம் பிடித்த மனுஷன், ஒரு வாரமாவது கணக்குப் பார்க்காமல் உட்காரட்டும் என்றுதான் கூட்டிக்கொண்டு போனேன். முதல் மூன்று மணி நேரத்திலேயே அவர் கையில் மறுபடியும் பேனாவைக் கொடுத்துவிட்டார்கள். 3.71 டாலர் போகட்டும் சாமி. இதை யார் திருப்பித் தருவார்கள்?

இந்தக் கோபத்தில் இன்னொன்றையும் கொட்டிவிடுகிறேன். அந்த நீச்சல்குளத்துச் சாய்வு நாற்காலிகள்! விடியற்காலையில் எழுந்துவந்து துண்டையும் ஒற்றைச் செருப்பையும் போட்டு இடம் பிடித்துவிட்டு, மூன்று மணி நேரம் கழித்து வயிறு முட்டத் தின்றுவிட்டு வருகிறீர்களே, நம் ஊர் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போடுகிறவர்கள்கூட அடுத்த நிமிடம் ஏறி உட்கார்ந்துவிடுவார்கள். ஊழியரிடம் சொன்னால் அரை மணி நேரம் பார்த்துவிட்டுத்தான் எடுப்பார்களாம். அந்த அரை மணி நேரம் எப்போது தொடங்குமாம்? கண்ணுக்கெட்டிய வரை நாற்காலி, ஒன்றில்கூட ஆள் இல்லை, அத்தனையிலும் நீலத் துண்டு. மூட்டுவலியோடு எங்கள் அம்மா நிற்கிறார், எவனோ ஒருத்தனின் துண்டு கால் நீட்டிப் படுத்திருக்கிறது!