0.076 செவிலியர்

பள்ளிக்குப் பணம் ஒதுக்கும் அரசுக் கணக்கில் மனிதர்களையும் தசமமாக்கிவிடுகிறார்கள். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 400 பிள்ளைகள் படிக்கும் தொடக்கப் பள்ளிக்கு 0.076 செவிலியர் என்பதுதான் நெடுநாள் கணக்காக இருந்தது. முழுநேர ஆளை ஒன்று என்று வைத்தால், இது வாரத்துக்குச் சுமார் மூன்று மணி நேரம். பிள்ளைகள் அதற்குள் விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொள்ள வேண்டும். பிள்ளைகளின் மனக்கவலையைக் கேட்கும் பள்ளி ஆலோசகர் பாடு தேவலை: 0.493, அரை ஆள்.

2022-ல் அந்த மாநிலச் சட்டமன்றம் கணக்கைத் திருத்தியது. மூன்றாண்டுகளில் படிப்படியாக, செவிலியர் 0.585, ஆலோசகர் 0.993. ஆளை நியமித்ததைக் காட்டினால்தான் அந்தப் பணம் என்றும் நிபந்தனை வைத்தார்கள். எனக்குப் பிடித்தது இந்த நிபந்தனைதான். இல்லையென்றால் ஆலோசகருக்கு வந்த பணம் கூரை ஒழுகலுக்குப் போய்விடும்.

நான் பாடம் நடத்திய ஒரு பள்ளியில் ஆலோசகரின் அறை பழைய விடைத்தாள் கட்டுகளுக்கும் கிடங்கு. அந்த அம்மாவுக்குத் தேர்வுக் கண்காணிப்பும் உண்டு, ஆசிரியர் வராத வகுப்பும் உண்டு. ஏழாம் வகுப்பில் ஒரு பையனுக்குத் திங்கட்கிழமைதோறும் முதல் மணியிலேயே வயிற்றுவலி. நான் நடிப்பு என்றே நினைத்தேன். அவர் மூன்று வாரம் அவனோடு சதுரங்கம் ஆடினார், ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நான்காவது வாரம் அவனே வீட்டுக் கதையைச் சொன்னான்.

"எங்கள் காலத்தில் ஆலோசகரா இருந்தார்?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். இல்லைதான். வயிற்றுவலிக்கு எங்களுக்குக் கிடைத்தது பிரம்பு.

ஓர் ஆலோசகருக்கு 250 மாணவர்கள் என்பது அமெரிக்கப் பள்ளி ஆலோசகர் சங்கத்தின் பரிந்துரை. அந்த எண்ணிக்கையை எட்டுவதைவிட, அதே ஆள் அடுத்த ஆண்டும் அதே நாற்காலியில் இருப்பது பெரிய பாடு. கொரோனா நிவாரணமாக அமெரிக்க ஒன்றிய அரசு கொடுத்த பணத்தில் அங்கே பல பள்ளிகள் ஆலோசகர்களை எடுத்தன. அந்த நிதிக்கு 2024 செப்டம்பர்தான் கெடு. கெடு வைத்த மானியத்தில் வருபவரிடம் எந்தப் பிள்ளை மனம் திறக்கும்? ஆசிரியர் சம்பளம் போல இதுவும் ஆண்டுதோறும் வரும் நிரந்தரச் செலவாக நிதிநிலை அறிக்கையில் இருக்க வேண்டும்.

எங்கள் பள்ளியிலும் அந்த அம்மாவின் ஒப்பந்தம் ஆண்டு நடுவில் முடிந்தது. நாற்காலியில் விடைத்தாள் கட்டுகள் ஏறின. அடுத்த திங்கட்கிழமை பையன் சதுரங்கப் பலகையோடு அந்த வாசலில் நின்றான். என்ன சொல்வதென்று தெரியாமல், வகுப்புக்குப் போ என்றேன்.